சாவியோடு வந்த திருடன்

திருடன் என்றால் எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். சின்னவளின் காருக்கு வந்த திருடன் எடுத்துக்கொண்டு போனது ஒரு நோட்டை.

அதுவும் இரண்டாவது வரவில். மூன்று வாரத்துக்கு முன்னால் முதல் தடவை வந்தபோது, முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டியைக் குடைந்து, காகிதங்களை எல்லாம் சீட்டில் பரப்பிவிட்டுப் போயிருந்தான். கண்ணாடி உடையவில்லை. பூட்டில் ஒரு கீறல் கிடையாது. 'நீதான் பூட்ட மறந்திருப்பே' என்று புருஷன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். போன வியாழக்கிழமை மறுபடியும் அதே கதை. பாட்டுப் பெட்டி இருந்தது, சில்லறை இருந்தது, கூலிங் கிளாஸ்கூட வைத்த இடத்தில் இருந்தது. எந்த நோயாளி வீட்டுக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அவள் எழுதி வைத்திருந்த நோட்டு மட்டும் இல்லை.

"நோட்டைத் திருடற திருடனை நான் இப்பத்தான் கேள்விப்படறேன்," என்றாள் பெரியவள். "பரீட்சைக்குப் படிக்கிறவனா இருப்பான்."

சின்னவள் சிரிக்கவில்லை. கார் சாவியை அக்காவின் மேஜைமேல் வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பட்டறை ஷட்டர் முக்கால்வாசி ஏறியிருந்தது.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு வண்டி நிற்கலாம். மூன்றாவது வண்டி வந்தால் ரோட்டில் நிற்க வேண்டும். சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சுருள் சுருளாக வயர். பின்பக்கக் கதவைத் திறந்தால் வீடு. அப்பா போட்ட பட்டறை. பத்தொன்பது வயதில் பெரியவளும் அவரோடு வேலையில் இறங்கினாள், இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. வண்டிக்காரர்கள் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. எல்லாருக்கும் 'வயர் அக்கா'தான்.

தங்கைக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. கை கால் விளங்காமல் போனவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. கார் இல்லாவிட்டால் அந்தப் பிழைப்பு ஓடாது.

"நிஜ அலாரமே வெச்சிடலாமா அக்கா?"

"இந்த வண்டிக்கா? பூனை ஏறி உட்கார்ந்தாக்கூட அலறும். நாலு நாள் அலறினா அஞ்சாம் நாள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. சும்மா ஒரு லைட்டு போதும். உள்ள சிவப்பா ஒண்ணு விட்டு விட்டு மினுங்கிச்சுன்னா, அலாரம் இருக்குன்னு நெனைச்சுக்கிட்டு அடுத்த வண்டிக்குப் போயிடுவான். கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடறேன். பயம் வந்தாப் போதும் நமக்கு."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று சேர்த்துக் கேட்டாள்.

"இதெல்லாம் எதுக்குன்னார். பழைய வண்டியை எவன் தூக்கப்போறான்னார்." சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பால் தரையைத் தேய்த்தாள். "அவர் பேசறதே அபூர்வம். ரெண்டு மாசமா ஹால்லதான் படுத்துக்கறார். சாயந்திரம் வந்ததும் ஒரே ஒரு கேள்வி. 'இன்னிக்கு எங்கெங்க போனே?' நான் சொல்றதைக் கேட்டுட்டு ஒரு மாதிரி பார்ப்பார். பாடம் ஒப்பிச்ச பிள்ளையை வாத்தியார் பார்ப்பாரே, அப்படி."

"சண்டை ஏதாவது?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே."

பெரியவள் அதற்குமேல் தோண்டவில்லை. தோண்டாமல் இருப்பது அந்த வீட்டின் பழக்கம். அவள் டிராயரைத் திறந்து வேண்டியதை எடுத்துப் பரப்பினாள். தானாகவே மினுங்கும் ரகத்தில் ஒரு சிவப்பு எல்.இ.டி., அது கருகிப் போகாமல் இருக்க ஒரு ரெசிஸ்டர், சின்ன ஃபியூஸ் ஒன்று, இரண்டு முழம் மெல்லிய வயர்.

"நீ இங்க உட்கார்ந்து என்ன பண்ணப்போறே? ஒரு மணி நேரம் ஆகும்."

"புது நோட்டு வாங்கணும். ஞாபகத்துல இருக்கிற வரைக்கும் எழுதி வைக்கணும். கடைத்தெரு வரைக்கும் நடந்து போயிட்டு வந்துடறேன்."

அவள் போன பிறகு பெரியவள் வேலையில் இறங்கினாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் இல்லாமல் மூடி மட்டும் போட்ட ஒரு இடம் இருந்தது. மூடியைக் கழற்றி, நடுவில் துளை போட்டு, எல்.இ.டி.யைப் பின்பக்கமாகச் செருகினாள். பொத்தான் வைத்துத் தைத்த மாதிரிக் கச்சிதமாக உட்கார்ந்தது. ரெசிஸ்டரை அதன் ஒரு கம்பிக் காலில் பற்றவைத்தாள்.

இனி இரண்டு வயர் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று, சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் கரண்ட் இருக்கும் வயர். இன்னொன்று, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் வயர். இரண்டுக்கும் நடுவில் லைட்டைப் போட்டுவிட்டால் தனியாக ஸ்விட்ச் தேவையில்லை. சாவியைத் திருப்பினால் தானே அணையும், எடுத்தால் தானே மினுங்க ஆரம்பிக்கும். இறங்கும்போது ஸ்விட்ச் போட மறந்துவிட்டேன் என்று சின்னவள் சாக்குச் சொல்ல வழியில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பலகையின் திருகுகளைக் கழற்றி, மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டாள். டெஸ்ட் லாம்பின் முனையை ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால், எப்போதும் கரண்ட் இருக்கும் தடித்த வயரில் லாம்ப் பளிச்சென்று எரிந்தது.

அந்த வயரில் ஏற்கெனவே யாரோ கை வைத்திருந்தார்கள்.

ஓர் இடத்தில் தோலை உரித்து, இன்னொரு மெல்லிய வயரைச் சேர்த்திருந்தார்கள். அது ஹீட்டர் குழாய்க்குப் பின்னால் போய் மறைந்தது. விரலை விட்டுத் துழாவினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. வெளியே இழுத்தாள். ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. லாரி முதலாளிகளுக்கு இந்த மாதிரிப் பெட்டியை மாதம் நாலைந்து வைத்துக் கொடுக்கிறாள். உள்ளே ஒரு சிம் இருக்கும். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது, அத்தனையும் யாரோ ஒருவரின் போனில் புள்ளியாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

பாடம் ஒப்பிச்ச பிள்ளையை வாத்தியார் பார்ப்பாரே, அப்படி.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். தங்கை புருஷனை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க வேண்டும் என்றிருந்தது. டெஸ்ட் லாம்பை வாயில் கடித்துக்கொண்டு, இணைப்பு போட்டிருந்த இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

இணைப்பின்மேல் டேப் சுற்றியிருந்தது. டேப்பின்மேல் மெழுகு தடவிய நூல், நெருக்கமாக ஏழு சுற்று, கடைசியில் உள்பக்கமாக மடக்கிய முடிச்சு.

சூட்டில் டேப் இளகும், நூல் இளகாது. இந்த ஊரில் இப்போது நூல் கட்டுகிற ஆள் ஒருவர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கண் மங்கி, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கக் கதவுக்கு அந்தப் புறம் நாற்காலியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறவர்.

பெரியவள் கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்து கிடந்தாள். பிறகு கட்டிங் பிளேயரை எடுத்தாள். நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. பெட்டிக்குள்ளே சின்னதாக ஒரு பேட்டரி இருந்தது. மூடியைப் பிளந்து அதையும் பிடுங்கினாள். பச்சைப் பொட்டு அணைந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை.

வேலையைப் பாதியில் விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அப்பா கட்டிய இணைப்பு இருந்த அதே இடத்தில் தடித்த வயரை மறுபடி ஒன்றாக்கி, தன் வயரையும் அதோடு சேர்த்தாள். இன்னொரு முனையை ரேடியோவுக்குப் போகும் வயரில் கொடுத்தாள். சாவியை எடுத்துப் பார்த்தாள். டாஷ்போர்டில் சிவப்பு எல்.இ.டி. மினுங்கியது. பலகையை மூடித் திருகினாள், கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டினாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவைத் தள்ளினாள்.

"டீ போட்டியாம்மா?" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பெட்டியைப் பேப்பர்மேல் போட்டாள். அறுந்த வயரும் நூல் கட்டும் வால் மாதிரி தொங்கின.

அப்பா பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய் அதைப் பார்த்தார். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நேரத்தைக் கடத்தினார்.

"எப்ப வெச்சீங்க?"

"எதை?"

"அப்பா."

"நீ அன்னிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தே," என்றார் மெதுவாக. "மூணு மாசம் முன்னாடி வண்டியை இங்க சர்வீசுக்கு விட்டிருந்தாளே, அன்னிக்கு. மாப்பிள்ளை வந்தார். பெட்டியை அவரேதான் வாங்கிட்டு வந்திருந்தார். வெளிய குடுத்தா நாலு பேருக்குத் தெரியும், நீங்களே வெச்சுக் குடுத்துடுங்க மாமான்னார். பொண்டாட்டி தனியா ஊரெல்லாம் சுத்தறா, ஒரு பாதுகாப்புக்குத்தானேன்னார்."

"யாருக்குப் பாதுகாப்பு?"

அவர் பூதக்கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்தார்.

"அப்ப காரைத் திறந்து குடைஞ்சது யாரு? இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?"

"சொந்த வண்டியைத் திறந்தா அது திருட்டாம்மா?"

அப்படியானால் அதுவும் இவருக்குத் தெரியும். ஒரு மணி நேரமாக மல்லாந்து படுத்து, வீட்டிலிருந்தே சாவியோடு வருகிறவனை விரட்ட அவள் லைட் வைத்துக்கொண்டிருந்தாள்! சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

"ஏன் சந்தேகம் அவருக்கு? அவ என்ன பண்ணிட்டா?"

"செவ்வாயும் வெள்ளியும், மூணரைக்கு. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு தெரு. ரெண்டு மணி நேரம் வண்டி அங்கயே நிக்குது. போனை எடுத்துக் காட்டினார். மத்த வீட்டுல எல்லாம் முக்கால் மணி நேரம், இங்க மட்டும் ஏன் மாமா ரெண்டு மணி நேரம்னு கேட்டார். அவகிட்ட கேட்டா அந்தத் தெருப் பேரே சொல்ல மாட்டேங்கறாளாம். நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன், நீங்க பொறுமையா இருங்கன்னு சொன்னேன்."

"போனீங்களா?"

"போனேன்."

"பார்த்தீங்களா?"

அப்பா பெட்டியை மேஜைமேல் தள்ளி வைத்துவிட்டுப் பேப்பரை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார்.

"பச்சை கேட். பக்கவாட்டுல ஒரு ஜன்னல். சின்னவ ஒரு கையைப் பிடிச்சுத் தூக்கித் தூக்கி இறக்கிட்டிருந்தா. நாற்காலியில... உங்கம்மா."

வெளியே ரோட்டில் யாரோ ஷட்டரைத் தட்டி, "வயர் அக்கா!" என்று கூப்பிட்டார்கள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம். ஒரு மத்தியான வேளையில் துணிப்பையோடு கிளம்பிப் போன அம்மா திரும்பி வரவில்லை. 'அவ நமக்குச் செத்துட்டா' என்றார் அப்பா. அந்த ஊரையே காலி செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தார்கள். இங்கே வந்ததும் 'நமக்கு' என்ற வார்த்தை மெல்ல உதிர்ந்து போயிற்று. செத்துட்டா என்பது மட்டும் நின்றது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சின்னவளைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "அம்மா தவறி எத்தனை வருஷம் ஆச்சு?" பதில் சொன்னது அப்பா அல்ல. கையில் டீத் தட்டோடு நின்ற பெரியவள்தான். "ரொம்ப வருஷம் ஆச்சுங்க," என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"மாப்பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"ஒண்ணும் சரியாத் தெரியலன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வாசல்ல ஆம்பளைச் செருப்பு ஏதாவது கிடந்ததான்னு கேட்டார்."

"கிடந்ததா?"

"வீட்டு ஓனரோடது போல. கிடந்தது. கிடந்ததுன்னு மட்டும்தான் சொன்னேன். நான் பொய் சொல்லலம்மா."

"அந்த வீட்டு ஓனருக்கு எண்பத்திரண்டு வயசுப்பா," என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

சின்னவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். மார்போடு அணைத்த புது நோட்டு. எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"வாக்கர் பிடிச்சுத்தான் நடப்பார். நான் போனா வீங்கின முழங்காலைக் காட்டி, இதையும் கொஞ்சம் பாரும்மான்னு கேப்பார். அவர் செருப்பு அது." அவள் உள்ளே வந்து மேஜைமேல் கிடந்த பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுதானா? நான் வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே அவருக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும். நமக்குத்தான் பைத்தியம் பிடிக்குதோன்னு நெனைச்சேன்."

"சின்னவளே, நான் சொல்றதைக் கேளு..."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்பா. 'அது அவ அம்மா'ன்னு. மூணு சொல்லு. ரெண்டு மாசமா அந்த மனுஷன் என்னை எப்படிப் பார்க்கறார் தெரியுமா? நான் குளிச்சுட்டு வந்தா மோந்து பார்க்கறார்."

அப்பாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "கல்யாணத்தப்போ செத்துட்டான்னு சொல்லிட்டோமே. இப்ப உயிரோட இருக்கான்னா, அவங்க வீட்டுல என் மூஞ்சியில முழிப்பாங்களா? ஓடிப்போனவ பொண்ணுன்னு உன்னைத்தானே சொல்லுவாங்க?"

"இப்ப மட்டும் என்ன சொல்றாங்களாம்?" சின்னவள் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க பொய்யைக் காப்பாத்திக்க என்னைக் கொண்டுபோய் அடகு வெச்சுட்டீங்க."

பெரியவளுக்குத் தங்கையை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதுதான் முந்தியது, வார்த்தையாக.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஏழு மாசம். அவங்களுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு. எங்கிருந்தோ என் பேரைத் தெரிஞ்சுகிட்டு, இந்த ஊருக்கே வந்து, நான்தான் வரணும்னு என்னை அனுப்பற கிளினிக்குல கேட்டிருக்காங்க. நான் போய்க் கதவைத் தட்டற வரைக்கும் எனக்கும் தெரியாது."

"ஏழு மாசமா எங்கிட்ட மறைச்சே."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

பெரியவள் வாயைத் திறந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லியிருப்பே," என்றாள் சின்னவள். "அவர் போகாதேன்னிருப்பார். நீயும் போகாதேன்னிருப்பே. நீ எப்பவும் அவர் பக்கம்தான்."

"அவர் பக்கமா?" பெரியவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "ஒன்பது வயசுல உனக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினது யாருடி? இந்த மனுஷன் நாலு மாசம் படுக்கையை விட்டு எழுந்திருக்கல. ஒருத்தி பையைத் தூக்கிட்டுப் போனா. இன்னொருத்தி பதிலுக்கு நின்னா. நான் யார் பக்கமும் இல்ல. எனக்கு நிக்க வேற இடம் இல்ல. இப்ப அவளுக்குக் கை வரலன்னதும் நீ போய்ப் பிடிச்சுத் தூக்கறியா?"

"அது என் வேலை அக்கா."

"ரெண்டு மணி நேரம் செய்யற வேலையா?"

சின்னவள் புது நோட்டைக் கைமாற்றிப் பிடித்தாள். "முக்கால் மணி நேரம் வேலை," என்றாள் பிறகு. "மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவங்க பேச்சு தெளிவா வராது. நான் பேசுவேன். உன்னைப் பத்திதான் அதிகம் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. மூணரைக்குப் போவேன். நீ வர்றியா?"

"எனக்கு அம்மா இல்ல."

சின்னவள் தலையை ஆட்டினாள். "சாயந்திரம் வீட்டுக்குப் போய் அவர்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். நம்பினா நம்பட்டும்." பின்பக்கக் கதவு வழியாகப் பட்டறைக்குப் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டாள். கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. நடுவில் அவளுக்கு இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். என்ன நடந்தாலும் அவர்களைக் காக்கவைக்க மாட்டாள்.

மத்தியானம் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. பெரியவளும் போய் வற்புறுத்தவில்லை. ஒரு வேனுக்கு ஹார்ன் சரிசெய்தாள். அழுத்தினால் நிற்காமல் அலறிய ஹார்ன். வழக்கமாகப் பத்து நிமிஷ வேலை, அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வேன்காரர் இரண்டு தடவை, "உடம்பு சரியில்லையா அக்கா?" என்று கேட்டுவிட்டார்.

தங்கை சொன்னால் அவன் நம்புவானா? அதுதான் மண்டையைக் குடைந்தது. ரெண்டு மாசம் ஒருத்தன் மனசுக்குள் ஒரு செருப்பைப் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறான். பொண்டாட்டி வந்து, 'அது செத்துப்போன எங்கம்மா' என்றால் கேட்டுக்கொள்வானா? செத்துட்டாங்க என்று அன்று சொன்னவள் வாய்தான் சாகவில்லை என்று இன்றும் சொல்ல வேண்டும்.

மூணேகாலுக்குப் போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "சொல்லுங்க அக்கா." பின்னால் தெருச் சத்தம் கேட்டது, ஆபீஸ் சத்தம் இல்லை.

"கார்ல இருந்த பெட்டியைக் கழட்டினது நான்தான் தம்பி."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. "அப்படியா? பதினொன்றரைக்குப் புள்ளி காணாமப் போச்சு. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே உஷாராயிடுவான்னு நெனைச்சேன். அதான் இன்னிக்கே முடிச்சிடலாம்னு நேரா வந்துட்டேன்."

"எங்க?"

"அந்தத் தெரு முனையிலதான் நிக்கறேன். தனியா இல்ல. எங்கப்பாவும் அண்ணனும் கூட இருக்காங்க. அவங்களும் கண்ணால பார்க்கட்டும்."

கழற்றாமல் விட்டிருந்தால் அவன் இந்நேரம் ஆபீசில் உட்கார்ந்து புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"தம்பி, அவசரப்படாதீங்க. அந்தப் பச்சை கேட் வீட்டுல இருக்கறது ஆம்பளை இல்ல. எங்கம்மா."

"உங்கம்மா செத்துட்டாங்க."

"சாகல."

"நீங்கதானே சொன்னீங்க? எங்கப்பா கேட்டப்போ? தட்டோட நின்னுக்கிட்டு?"

"நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன்."

அவன் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் குரல், "யாருடா போன்ல? என்னவாம்?" என்று அதட்டியது.

"இன்னிக்கு என்ன நடந்துச்சோ அதுக்குத் தோதா ஒரு கதை," என்றான் அவன். குரல் கட்டியிருந்தது. "அப்பா, அக்கா, தங்கச்சி, எல்லாரும் சேர்ந்துதானா? அவ கார் திரும்புது. வெச்சிடறேன்."

போனை வைத்துவிட்டான். மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. தங்கைக்கு அடித்தாள். வண்டி ஓட்டும்போது அவள் போனைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டாள்.

பெரியவள் உள்ளே போய்க் கொடியிலிருந்து அப்பாவின் சட்டையை உருவி அவர்முன் நீட்டினாள். "மாட்டுங்க. அங்க உங்க சம்பந்தியும் வந்திருக்கார். நாம சொன்ன பொய், நாமளே போய் எடுக்கணும்."

அப்பா சட்டையைப் பார்த்தார். "நான் எந்த முகத்தோடம்மா வர்றது?"

"இருக்கிற முகத்தோட வாங்க."

"அவளை என்னால பார்க்க முடியாது."

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஜன்னல் வழியாப் பார்க்க முடிஞ்சுதே?"

அவர் கையை நீட்டவில்லை. ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு சட்டையை அவர் மடிமேல் போட்டுவிட்டு வெளியே வந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கினாள். பூட்டத் தோன்றவில்லை. ஸ்கூட்டரை உதைத்தாள்.

சாதாரணமாகக் கால் மணி நேரம் ஆகும் வழி. அன்று எப்படிப் போனாள் என்று பிற்பாடு கேட்டால் அவளால் சொல்ல முடியாது. தண்ணித் தொட்டியைத் தாண்டியதும் தெரு இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள்.

"இங்க பச்சை கேட் போட்ட வீடு எதுங்க?"

அந்தப் பெண் பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். "இப்பத்தான் மூணு ஆம்பளைங்க கத்திக்கிட்டு உள்ள போனாங்களே, அந்த வீடா? வலது பக்கம், நாலாவது. பாவம், அந்தம்மா எழுந்திருக்கவே முடியாம கிடக்குது. இவங்களைப் பார்த்ததும் அதுவும் என்னமோ சத்தம் போட ஆரம்பிச்சிடுச்சு." பிறகு, கிரீஸ் படிந்த கையும் கலைந்த தலையுமாக நின்ற இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமா, நீங்க யாரு? அவங்களோட வந்தவங்களா?"

"இல்லங்க."

"பின்னே?"

நாலாவது வீட்டிலிருந்து ஏதோ விழுந்து உடையும் சத்தம் வந்தது.

"அந்தம்மாவோட பெரிய பொண்ணு," என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினாள்.